போர்டை முதலில் காட்டினேன், பேட்டன்ட்டை அப்புறம் நினைத்தேன்: சர்க்யூட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோட்டில் என் மச்சானுக்கு மூன்று ஏக்கர் தக்காளித் தோட்டம். போர் ஆயிரம் அடியைத் தாண்டியும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். தண்ணீர் இறங்கியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடும், காயில் போகும். மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் அந்தப் பறிப்பின் லாபம் கரைந்துவிடும்.

ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருந்த நான் அவருக்காக ஒரு சர்க்யூட் போர்டு செய்தேன். தண்ணீர் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். அதைப் பார்த்து நிறுத்துவது கடையில் கிடைக்கும் டிரை ரன் போர்டுகளிலேயே உண்டு. நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நாமே திருகி வைக்க வேண்டும். என் போர்டில் இருந்த அப்-டவுன் கவுண்டர், அதாவது ஏற்றியும் இறக்கியும் எண்ணும் சர்க்யூட், போன தடவை தண்ணீர் எத்தனை நிமிடம் வந்தது என்று எண்ணி, அடுத்த ஓய்வு நேரத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

நன்றாகவே ஓடியது. அக்கம்பக்கத்தில் ஏழு போர்டு விற்றேன். ஒரு கல்லூரிக் கண்காட்சியில் வைத்தேன். சர்க்யூட் படத்தோடு யூடியூபில் ஒரு வீடியோவும் போட்டேன். இரண்டு வருடம் கழித்துத்தான் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கும் யோசனை வந்து, சென்னையில் ஒரு பேட்டன்ட் ஏஜென்டைப் பார்த்தேன். அவர் சர்க்யூட்டைக்கூடப் பார்க்கவில்லை. "சார், இதை முதன்முதலில் வெளி ஆளிடம் எப்போது காட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகள் பக்கமும் ஓசூர் சிப்காட் பக்கமும் போர்டு செய்கிற பலரைப் பார்க்கிறேன். சர்க்யூட்டில் தவறு செய்கிறவர்கள் குறைவு. தவறெல்லாம் வாயிலும் காலண்டரிலும்தான்.

இந்தியச் சட்டப்படி, விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் அந்தக் கண்டுபிடிப்பு வெளியே தெரிந்திருக்கக் கூடாது. வெளியே சொன்னது நீங்களே ஆனாலும் கணக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஒரு வருட அவகாசம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் நம்பினேன். இங்கே உள்ள 12 மாத விலக்கு மிகவும் குறுகியது: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், அல்லது அறிஞர் அவையில் வாசித்த கட்டுரையாக இருக்க வேண்டும். கல்லூரி ஆண்டு விழா, ஹேக்கத்தான், யூடியூப் எதுவும் இதில் சேராது. பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளுக்கு ஒரு வருடம் வரை நியாயமான சோதனை ஓட்டம் அனுமதி. அதனால் மச்சான் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்ததற்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். காசு வாங்கி விற்ற ஏழு போர்டுக்கு எதுவும் சொல்ல முடியாது.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு 1947 ஜூன் 26ஆம் தேதிதான் பேட்டன்ட் விண்ணப்பம் போனது. அதற்கும் முன்பே, 1945இல், ஜான் வான் நாய்மன் பெயரில் அடுத்த கணினியைப் பற்றிய ஒரு வரைவு அறிக்கை கைமாறிக்கொண்டிருந்தது. 1964இல் பேட்டன்ட் கிடைத்தது. 1973இல் அமெரிக்க நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அட்டனசாஃப் என்பவரின் முந்தைய வேலை உட்படக் காரணங்கள் பல. விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதும், அந்த அறிக்கை வெளியே போனதும் அவற்றில் முக்கியமானவை. அவர்களுக்கு ஒரு வருட அவகாசம் இருந்தும் தவறவிட்டார்கள்.

சரி, காட்டியே ஆக வேண்டும் என்றால்? முதலில் ப்ரொவிஷனல் எனப்படும் தற்காலிக விண்ணப்பம். தனி நபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. அன்றைய தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் நேரம். அந்த 12 மாதம் தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கணக்கு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்து நீட்டிக்கிற வேலை இங்கே நடக்காது. பிசிபி (சர்க்யூட் அச்சிட்ட பலகை) அடிக்க பெங்களூருக்கு ஃபைல் அனுப்புவதற்கு முன் ஒரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இந்த ப்ரொவிஷனலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை அப்படியே போட்டுவிட்டு, "தேதி கிடைத்துவிட்டது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தில் விளக்கியிருப்பதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. கவுண்டர் எப்போது ஏறும், எப்போது இறங்கும், கரண்ட் போய் வந்தால் பழைய எண் என்ன ஆகும், ஒரு ஃபேஸ் விட்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் கவுண்டர் ஐசியில் செய்ததை மற்றவன் மைக்ரோகண்ட்ரோலரில் செய்வான்; அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். ரிலேவுக்குப் பதில் சாலிட் ஸ்டேட் ஸ்விட்ச் போட்டாலும் வேலை செய்யும் என்றால் அதையும் சேருங்கள். கஞ்சத்தனம் காட்டுகிற இடம் இதுவல்ல.

அடுத்தது தேடல். "போர்வெல் மோட்டார் டிரை ரன் கண்ட்ரோலர்" என்று கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்மது மாதிரி எதுவும் இல்லை" என்று முடிவு கட்டியவன் நான். ஏஜென்ட் வேறு வார்த்தை போட்டார்: எண்ணெய்க் கிணறுகளின் பம்ப்-ஆஃப் கண்ட்ரோலர். கிணறு வற்றினால் பம்பை நிறுத்தி, எண்ணெய் ஊறும் வரை காத்திருந்து மறுபடி ஓட்டுவது அந்தத் துறையில் பழைய கதை. எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தால் என் போர்டுக்குப் பக்கத்து வீடு. பொருளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், சிக்கலின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் பாடப்புத்தகத்திலேயே உதாரணம் உண்டு. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோருக்கும் கிரே கோடு தெரியும்: அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் குறியீடு. ஃபிராங்க் கிரே 1947இல் விண்ணப்பித்து 1953இல் வாங்கிய அமெரிக்க பேட்டன்ட்டில், எண் 2,632,058, அதை அவர் "ரிஃப்ளெக்டட் பைனரி கோடு" என்றுதான் அழைக்கிறார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வாரா மனுஷன்! கிரே கோடு என்று தேடுகிறவருக்கு அந்தப் பேட்டன்ட்டின் வாசகம் சிக்காது. இதற்குத்தான் பேட்டன்ட் அலுவலகங்கள் துறைவாரியாகப் போடும் வகைப்பாட்டு எண்கள். லாஜிக் சர்க்யூட்டுக்கு எச்03கே 19, பல்ஸ் கவுண்டருக்கு எச்03கே 21, 23, கோடு மாற்றத்துக்கு எச்03எம். எந்த மொழியில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் ஒரே பெட்டிக்குள் வந்து விழும். ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் தேடல் தளம் எல்லாமே இலவசம்.

கிடைத்த பேட்டன்ட்டைப் படிப்பதிலும் பாதிப் பேர் சுருக்கத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உரிமை இருப்பது கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம் வாக்கியங்களில். ஒவ்வொரு சொல்லும் வேலிக்கல் மாதிரி. கல்லைத் தள்ளி நட்டால் நிலம் போச்சு. ஒருங்கிணைந்த சர்க்யூட்டின் (ஐசி) கதையே இதற்குச் சாட்சி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார், ஃபேர்சைல்டின் ராபர்ட் நாய்ஸ் அதே வருடம் ஜூலையில். பின்னால் வந்த நாய்ஸுக்கு 1961இலேயே பேட்டன்ட் கிடைத்துவிட்டது, கில்பிக்கு 1964இல்தான். யார் முந்தியவர் என்ற வழக்கு எதில் வந்து நின்றது தெரியுமா? இணைப்புக் கம்பியாகிற உலோகம், அடியில் உள்ள ஆக்சைடு அடுக்கில் "ஒட்டியிருக்கிறது" என்று நாய்ஸின் கிளெய்ம் சொன்னது. கில்பி தன் விளக்கத்தில் தங்கத்தை மேலே "இடலாம்" என்று எழுதியிருந்தார். இட்டது ஒட்டித்தான் இருக்கும் என்று அந்தச் சொல் உறுதியாகச் சொல்லவில்லை என்று 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இரண்டு நிறுவனங்களும் உரிமங்களைப் பகிர்ந்துகொண்டு சமரசம் ஆகியிருந்தது வேறு விஷயம். 2000இல் நோபல் பரிசு கில்பிக்கு வந்தது. நாய்ஸ் அதற்குப் பத்து வருடம் முன்பே இறந்துவிட்டார். இந்த ஒரு சொல்லுக்காகவே, கிளெய்மை மட்டும் விவரம் தெரிந்த ஏஜென்டிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்கிறேன். மற்றதை நாமே எழுதலாம்.

எதற்குக் கிடைக்காது என்று தெரியாமல் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(கே): கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் ஆகியவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது. சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் கோடு உங்கள் எழுத்து என்பதால் அதற்குப் பதிப்புரிமை உண்டு, அது வேறு. எண்களை வேகமாகக் கூட்டும் ஓர் ஆடர் சர்க்யூட்டுக்கான சூத்திரத்தைக் கேட்டால் மறுப்பு வரும். கேட்டுகளையும் (லாஜிக் சர்க்யூட்டின் அடிப்படை உறுப்புகள்) லாட்ச்களையும் (ஒரு பிட்டைப் பிடித்து வைப்பவை) இப்படிக் கோத்ததால் தாமதம் குறைகிறது என்று வன்பொருளாகக் கேட்டால் பரிசீலனைக்குப் போகும். மென்பொருள் சம்பந்தப்பட்டிருந்தாலும் தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அலானி வழக்கில் சொல்லியிருக்கிறது. சிப்பின் லேஅவுட்டுக்கும் பேட்டன்ட் இல்லை, அதற்கு 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம்: 10 வருடப் பாதுகாப்பு. சந்தைக்கு வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டால் அதிலும் பதிய முடியாது.

நம் ஊர் ப்ராஜெக்ட்டுகளை அதிகம் கவிழ்ப்பது பிரிவு 3(எஃப்). தெரிந்த சாதனங்களை வெறுமனே சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்குவதால் வருடா வருடம் யானை அலாரம் ப்ராஜெக்ட் ஒன்று வந்துவிடும்: ஒரு சென்சார், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், செல்போன் செய்தி அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு சைரன். நல்ல பொருள்தான், விற்கலாம். பேட்டன்ட் கேட்டால் நிற்காது. தரை அதிர்வில் யானை நடையையும் சாலையில் போகும் லாரியையும் பிரிக்க ஒரு புதிய டிஜிட்டல் ஃபில்டரை அமைத்து, சின்ன பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும்படி செய்திருந்தால், கேட்க வேண்டியது அந்த ஃபில்டரின் அமைப்புக்கு. சைரனுக்கு அல்ல.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "இது ரொம்பச் சின்ன விஷயம் சார்" என்று ஒதுக்கிவிடுவது. திரையில் கர்சரை எக்ஸ்-ஆர் (இரண்டு பிட்கள் வேறுபட்டால் மட்டும் 1 தரும் லாஜிக்) போட்டு வரைந்து, மறுபடி எக்ஸ்-ஆர் போட்டு அழிப்பது ஒரு கேட் வேலை. 1980இல் அதற்கு அமெரிக்க பேட்டன்ட், எண் 4,197,590, கொடுக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தலைவலியாக இருந்தது அது.

"பேட்டன்ட் பப்ளிஷ்டு" என்று கல்லூரி வாசலில் ஃபிளக்ஸ் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த விண்ணப்பமும் 18 மாதத்தில் தானாக வெளியாகும். 2,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் சீக்கிரமே. யாரும் அதைச் சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. சோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும், தனி நபருக்குக் கட்டணம் 4,000 ரூபாய். 2024 மார்ச் முதல் போட்ட விண்ணப்பங்களுக்குக் கெடு 31 மாதம். முன்பு 48 இருந்தது. பழைய கணக்கை நினைத்துக்கொண்டு தூங்கினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். கிடைக்காத பேட்டன்ட்டைக் கிடைத்ததாகப் பெட்டியில் அச்சிட்டு விற்றால், 2023 திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம் வரை அபராதம். பணம் கொடுத்தால் கண்டுபிடிப்பாளர் வரிசையில் பெயர் சேர்ப்பதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

பெயர் சேர்ப்பதில் இன்னொன்று. உடன் உரிமையாளராக யாரைச் சேர்த்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் மற்றவருக்கு உரிமம் கொடுக்க முடியாது. மரியாதைக்காகச் சேர்த்தவர் பத்து வருடம் கழித்து கனடாவில் இருப்பார். கம்பெனி வேலையில் இருக்கிறவர்கள், கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு முறை எடுத்துப் படியுங்கள்.

அமெரிக்காவில் தம்பி இருக்கிறான், அங்கேயே நேராகப் போட்டுவிடலாம் என்று ஒருவர் கேட்டார். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் போட அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் இங்கே போட்டு ஆறு வாரம் கழிய வேண்டும். மீறினால் இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது.

யாரோ பேட்டன்ட் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து நல்ல சர்க்யூட்டைத் தொடாமல் இருப்பதும் தவறுதான். இன்றைய சிப்களின் அடிப்படையான, 1967இல் வான்லஸ் பேட்டன்ட் பெற்ற சிமாஸ் சர்க்யூட், 1968இல் டெனார்ட் பேட்டன்ட் பெற்ற டிராம் நினைவகம் எல்லாம் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. இங்கே ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம், அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வந்தால்தான். அமெரிக்காவில் மட்டும் வாங்கிய பேட்டன்ட் ஓசூரில் செல்லாது. ஆனால் ஓசூரில் செய்த போர்டு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானால் அங்கே செல்லும்.

அந்த ஏழு போர்டில் ஐந்து இன்னும் ஓடுகிறது. கரண்ட்டை வைத்தே காயில் சூட்டைக் கணிக்கும் இரண்டாவது போர்டு ஒன்று இப்போது மேஜைமேல் கிடக்கிறது. வந்து பார்க்கட்டுமா என்று மச்சான் போன வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். விண்ணப்ப எண் வரட்டும் மச்சான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.