லாரி ஏசிக்கு கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

லாரி ஏசியில் கேஸ் செலவாகிற பொருள் இல்லை. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலிலும் ரப்பர் ஹோஸிலும் கொஞ்சம் கசிவது உண்டு, ஆனால் அது பல வருஷம் கழித்துத் தெரிய வேண்டிய சங்கதி. போன சித்திரையில் ஏற்றிய கேஸ் இந்தச் சித்திரைக்குள் காணாமல் போயிருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. "மக்கா, கேஸ மட்டும் ஏத்தி விடு, ராத்திரி லோடு இருக்கு" என்று டிரைவர் அண்ணன் அவசரப்படுத்துவார். ஏற்றினால் அன்றைக்குக் குளிரும், சந்தேகமில்லை. கொஞ்ச நாளில் மறுபடி வந்து நிற்பார், இரண்டு தடவை காசு போகும், கேஸோடு ஆயிலும் சேர்ந்து வெளியேறுவதால் ஒருநாள் கம்ப்ரசரே பிடித்துக்கொள்ளும், அப்போது வரும் பில் வேறு மாதிரி இருக்கும்.

2025 முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட புது சரக்கு வண்டிகளுக்கு கேபின் ஏசி கட்டாயமாகிவிட்டதால் இந்த வேலை இனி எல்லா ஷெட்டுக்கும் வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது கொஞ்சம் கூடுதலாகவே வரும், காரணம் கடல். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் வண்டிகளின் கண்டென்சரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும், அலுமினிய ஃபின் விரலில் பொடியாக ஒட்டும். உப்புக் காற்று ஒரு பக்கம், ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணீர் இன்னொரு பக்கம். மணவாளக்குறிச்சி பக்கம் ஓடும் வண்டி என்றால் ஃபின் இடுக்கில் அந்தக் கறுப்பு மணலும் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கும் முன் கையும் கண்ணும் போதுமான சோதனைகளை முடித்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் கிளட்ச் 'டக்' என்று ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், வயர் என்று வரிசையாகப் பாருங்கள். பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம், கார் கம்ப்ரசரின் 12 வோல்ட் காயிலை வாங்கி மாட்டினால் கருகிவிடும். அப்புறம் பெல்ட், கேபின் ஃபில்டர், பிளோயர். ஃபில்டர் அடைத்த வண்டிக்கு எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் முகத்துக்குக் காற்று வராது.

ஓடும்போது குளிருகிறது, மார்த்தாண்டத்தில் டிராபிக்கில் ஊர்ந்தால் சூடான காற்று வருகிறது என்று சொன்னால் முதல் சந்தேகம் கேஸ் மேல் போகக் கூடாது. கண்டென்சருக்குக் காற்று போகவில்லை. ஃபின் அடைத்திருக்கும், அல்லது ஃபேனை இன்ஜினோடு சேர்த்துச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் பிடிக்காமல் இருக்கும். கண்டென்சரை நல்ல தண்ணீரில், சாதாரண ஹோஸில், முடிந்தவரை உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் ஃபின் மடங்கிப் படுத்துவிடும், ஆசிட் கலந்த கிளீனர் அலுமினியத்தையே தின்னும். மீன் வண்டிக்கு இந்தக் கழுவல் வாராவாரம் வேண்டும் என்பது என் கட்சி. செலவு இல்லாத வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

இனி லீக். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வரும், அதன் மேல் புழுதி ஒட்டும். எனவே குழாய் முழுக்க டார்ச் அடித்து, ஈரமாகக் கறுத்த புழுதித் திட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். காரில் இல்லாத ஒரு இடம் லாரியில் உண்டு. கேபினைத் தூக்கும்போது ஹோஸ் மடங்கும் இடம். கீல் பக்கத்தில் சேஸிஸோடு உரசி ரப்பர் தேய்ந்திருக்கும், ஹோஸின் கிரிம்ப் மூட்டில் வெடிப்பு விட்டிருக்கும். கேபினைத் தூக்கினால் பூட்டுக் கம்பி விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்துவிட்டே தலையை உள்ளே விடுங்கள். அடுத்த இடம், அலுமினியக் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. கிளாம்ப்பைக் கழற்றி ரப்பரை விலக்கினால் அடியில் உப்புத் தங்கி, வெள்ளைப் பொடி பூத்து, ஊசி குத்தின மாதிரி குழிகள் இருக்கும், துணியால் துடைத்து சோப்பு நுரை வைத்தால் அங்கே மெதுவாக ஒரு குமிழ் ஊதும். கேஸ் ஏற்றுகிற போர்ட்டின் வால்வையும் விட்டுவிடாதீர்கள், மூடி இல்லாத போர்ட் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கேஜ் மாட்டும்போது நீலம் லோ சைடு, அதாவது அழுத்தம் குறைந்த பக்கம், சிவப்பு ஹை சைடு, அழுத்தம் கூடிய பக்கம். ஆர்134ஏ என்ற கேஸ் ஓடும் சிஸ்டத்தில் லோ போர்ட் சிறியது, 13 மில்லிமீட்டர். ஹை போர்ட் 16. வண்டி நின்று ஆறியிருந்தால் இரண்டு கேஜும் ஒரே அளவு காட்டும், 30 டிகிரி வெயிலில் அது சுமார் 97 பிஎஸ்ஐ. இதைப் பார்த்து 'கேஸ் ஃபுல்' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அந்த அளவுதான் காட்டும், அரை கேஸோ முழு கேஸோ அதில் தெரியாது. 50-க்குக் கீழே இருந்தால் மட்டும் கிட்டத்தட்ட காலி என்று உறுதியாகச் சொல்லலாம்.

குழாயைத் திறக்க வேண்டியிருந்தால் மிச்ச கேஸை ரெகவரி மெஷினில் எடுங்கள். காற்றில் திறந்து விடுவது சுலபம்தான், ஆனால் ஆர்134ஏ ஒரு கிலோ ஆயிரம் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு செய்கிற சூட்டைப் பூமிக்குச் செய்யும். காற்றை விடக் கனமும் கூட, சர்வீஸ் குழிக்குள் தேங்கினால் மூச்சு முட்டும், நெருப்பில் பட்டால் விஷப்புகை ஆகும். பக்கத்தில் பீடி வேண்டாம், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகிவிடும்.

திறந்த சிஸ்டத்துக்கு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் புதிது போடுவது கட்டாயம். அதைக் கடைசியில், மற்ற எல்லாம் பூட்டிய பிறகு, பாக்கெட்டைப் பிரித்த கையோடு மாட்டுங்கள். ஓ-ரிங்கும் புதிது, கம்ப்ரசர் ஆயில் தடவி, இரண்டு ஸ்பேனர் பிடித்து இறுக்குங்கள், இல்லையென்றால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். பிஏஜி என்பது கம்ப்ரசர் ஆயிலின் வகை, எண் அதன் கெட்டித்தன்மை. 46-ஆ, 100-ஆ, 150-ஆ என்பது கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பொறுத்தது, கடைக்காரர் கையில் இருக்கிற டப்பாவைப் பொறுத்தது இல்லை. பிஏஜி ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இடவப்பாதி மழைக்காலத்தில் மூடி திறந்து ராத்திரி முழுக்க ஷெட்டில் கிடந்த டப்பாவை ஏசிக்கு ஊற்றாதீர்கள்.

பூட்டியதும் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ அளவுக்கு, ரெகுலேட்டர் வைத்து அடித்து மூட்டுகளில் நுரை போடுங்கள். டயருக்கு அடிக்கும் கம்ப்ரசர் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது, அழுத்தத்தில் ஆர்134ஏ-வோடு கலந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்தது வேக்கம். இங்கேதான் நிறைய பேர் பத்து நிமிஷத்தில் கையைக் கழுவுகிறார்கள். வேக்கம் போடுவது காற்றை எடுக்க மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக இழுக்கவும்தான். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமென்றால் கேஜ் வேக்கம் பக்கம் கிட்டத்தட்ட 28.7 இன்ச் (பாதரச அளவில்) தாண்ட வேண்டும். தேய்ந்த பம்பு 27-ல் நின்றுவிட்டால் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஈரம் அப்படியே இருக்கும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், நல்ல பம்பு 29-க்கு மேல் இழுத்தே ஆக வேண்டும், இழுக்கவில்லை என்றால் பம்பு ஆயிலை மாற்றுங்கள் அல்லது லீக்கைத் தேடுங்கள். அரை மணி நேரம் குறைந்தபட்சம், மழை நாளில் ஒரு மணி நேரம். பிறகு வால்வை மூடி பம்பை நிறுத்தி இருபது நிமிஷம் முள்ளைக் கவனியுங்கள், ஒரு டீ குடிக்கிற நேரம்தான். முள் திரும்பி வந்தால் கேஸை எடுக்காதீர்கள். ஈரம் மிச்சமிருந்த வண்டி எப்படி என்றால், முதலில் நன்றாகக் குளிரும், கொஞ்ச நேரத்தில் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி நின்றுவிடும், பத்து நிமிஷம் ஆஃப் செய்தால் மறுபடி குளிரும். டிரைவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

கேஸ் ஏற்றுவது இனி சின்ன வேலை. எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, வண்டி ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட்டிருக்கிறதோ அத்தனை மட்டும். ஹோஸில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடாதபோது ஹை சைடில் திரவமாகக் கொஞ்சம் விடலாம். அப்புறம் ஹை வால்வை மூடி, இன்ஜினைப் போட்டு, மீதியை லோ சைடில் ஆவியாக, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் அழுத்தம் திரும்பி கேஸ் டப்பாவுக்குள் ஏறும், டப்பா வெடிக்கலாம். கேஸ் மெதுவாக ஏறுகிறதென்று டப்பாவை அடுப்பில் காட்டுகிற வேலையும் கூடாது, கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். 'குளிரட்டும், இன்னும் நூறு கிராம் போடு' என்ற யோசனையை விட்டுவிடுங்கள், அளவு மிஞ்சினால் ஹை சைடு அழுத்தம் ஏறிக் குளிர் குறையத்தான் செய்யும்.

சோதிக்கும்போது இன்ஜின் 1500 ஆர்பிஎம், பிளோயர் முழு வேகம், கதவு திறந்திருக்கட்டும். வெளியே 32 டிகிரி என்றால் லோ சைடு 30 முதல் 40, ஹை சைடு 200 முதல் 240 பிஎஸ்ஐ பக்கம் நிற்பது நல்ல அறிகுறி. இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் போதவில்லை. இரண்டும் கூடுதல் என்றால் கேஸ் மிஞ்சியிருக்கும், உள்ளே காற்று இருக்கும், அல்லது கண்டென்சர் அடைப்பு. லோ கூடி ஹை குறைந்தால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. லோ வேக்கத்துக்கே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. ஆடி மாசம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்கு எதிரே வண்டியை நிறுத்தி ரீடிங் எடுத்தால் எல்லாம் சுகமாகத்தான் காட்டும், அந்தக் காற்றே ஃபேன் வேலையைப் பார்த்துவிடும். ஷெட்டுக்குள் அல்லது சுவர் மறைவில் நிறுத்தி எடுங்கள். காற்றில் ஈரம் அதிகமான நம் ஊரில் வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபினுக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் கால்மிதியில் தேங்கினால் கூலிங் காயிலின் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது, கேபினில் அடிக்கிற பூஞ்சை வாடையும் அங்கிருந்துதான் வரும்.

கேஸ் வாங்கும் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் சிலிண்டரில் வேறு கேஸ் கலந்திருக்கலாம். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பல் குளிர்பதனக் கண்டெய்னர்களின் கம்ப்ரசர் வெடித்து ஆட்கள் செத்தார்கள், உள்ளே ஆர்134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த கேஸ் போயிருந்தது, அது அலுமினியத்தோடு வினைபுரியக்கூடியது. சிலிண்டரை ஒரு ராத்திரி நிழலில் வைத்து, காலையில் வெப்பநிலை அட்டவணையோடு அழுத்தத்தை ஒப்பிடுங்கள். 30 டிகிரியில் 97-க்குப் பதில் 130, 150 என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியாக இருந்தாலும் எல்லாக் கலப்படமும் இதில் பிடிபடாது, பில் போட்டுத் தருகிற கடையில் வாங்குவதே மேல். சமையல் கேஸை ஏற்றிக் குளிர வைக்கும் வித்தை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள், அந்தக் கேபினில் ஒருவர் தூங்கப் போகிறார் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

முடிந்ததும் இரண்டு போர்ட்டுக்கும் ரப்பர் வாஷரோடு மூடி போட்டு, ஏற்றிய கிராம், ஆயில் அளவு, தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதி கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டி எந்த ஷெட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிறவர் அதிலிருந்து கணக்கைத் தொடங்கலாம்.