‘கிரை’ என்றாலே கண்ணீர்தானா?

சிறுவர் கதை ஒன்றின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரக் கேட்டிருந்தார்கள். பந்தயத்தின் முடிவில் ஒரு வரி: “‘ஜெயித்துவிட்டோம்!’ என்று அவன் அழுதான்.” ஜெயித்தவன் எதற்கு அழுகிறான்? ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். ‘கிரைடு’ என்று இருந்தது.

பள்ளியில் ‘கிரை’ என்றால் அழு என்று படித்தோம், அதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது கத்துவதையும் கூவி இறைஞ்சுவதையும் குறித்த சொல். அழுவதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘வீப்’ இருந்தது. கத்தி அழுவது என்ற வழியில்தான் மெல்ல மெல்லக் கண்ணீரும் இதற்குள் வந்தது. நம் ‘ஓலம்’ கூட அபயக்குரலுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில்தானே நிற்கிறது! பிரெஞ்சில் இன்றும் ‘கிரியே’ என்றால் கத்துவது மட்டும்தான். அழுகைக்கு ‘ப்ளரே’ என்று வேறு சொல் இருக்கிறது.

மத்தேயு 27:46ஐப் பாருங்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில், சிலுவையில் இயேசு உரத்த குரலில் ‘கிரைடு’. தமிழ் பைபிளில் “மிகுந்த சத்தமிட்டுக் கூப்பிட்டார்”. இயேசு அங்கே அழுததாக எழுதியிருந்தால் எப்படி இருக்கும்!

பேச்சு மேற்கோளை ஒட்டி இந்தச் சொல் வந்தால் முதலில் கூவினான், கத்தினான், அலறினான் என்று யோசியுங்கள். பின்னால் ‘அவுட்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் குரல்தான். ‘கிரையிங் நீட்’ அழுகிற தேவை அல்ல, அவசரத் தேவை. ‘டவுன் கிரையர்’ என்பவர் இங்கிலாந்துத் தெருக்களில் கைமணி அடித்துச் சேதி சொன்னவர். நம் ஊர்க் கணக்கில் தண்டோராக்காரர், அழுமூஞ்சி இல்லை.

அப்புறம், வேர்க்கதை. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலமாகச் சொல்லப்படுவது, கதறுவதைக் குறிக்கும் ‘குவிரிட்டாரே’ என்ற லத்தீன் வினை. ‘குவிரிட்டெஸ்’ என்றால் ரோமக் குடிமக்கள், ‘குடிமக்களே, காப்பாற்றுங்கள்!’ என்று அவர்களை அழைப்பதால் வந்த சொல் இது என்று கி.மு. முதல் நூற்றாண்டில் ரோம அறிஞர் வார்ரோ எழுதினார். அருமையான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் தீர்ந்த உண்மை போல எடுத்து எழுதுவதுதான் தவறு. பன்றி கிறீச்சிடும் ஒலியிலிருந்து பிறந்திருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு.

சரி, அந்தப் பையனைக் ‘கூவினான்’ என்று மாற்றினேன். நாலு பக்கம் தள்ளி, அவன் பாட்டி தலையணையில் முகம் புதைத்து ‘கிரைடு’. அங்கே கை வைக்கவில்லை. பாட்டி அழுதாள்.