ஜெட்டில் டிரில்லை வைக்காதீர்கள்

புரோப்பேன் பர்னரை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுகிறேன் என்று இறங்கிப் பாதியில் விழிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பழைய நான்தான் கண்ணுக்குத் தெரிகிறேன். வால்வை மூடு, கசிவை சோப்பு நீரில் பார் என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுவது நல்லது.

ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்குவது

ஒரே கன அளவில், இயற்கை எரிவாயுவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் புரோப்பேனில் இருக்கிறது. பழைய ஜெட்டிலேயே, அதாவது பர்னருக்குள் வாயுவைப் பாய்ச்சும் சின்ன ஓட்டையுள்ள பித்தளை மூக்கிலேயே, புது வாயுவை விட்டால் தீ சுணங்கித்தான் எரியும். ஓட்டை பெரிதாக வேண்டும், சரி. உடனே எல்லோருக்கும் டிரில் ஞாபகம் வந்துவிடுகிறது.

எனக்கும் வந்தது. 95 என்று பொறித்த ஜெட், அதாவது 0.95 மி.மீ. அதைக் குறட்டில் பிடித்துக் கை டிரில்லால் 1.5 ஆக்கப் பார்த்தேன். பித்தளை மெத்தென்று வெட்டுப்பட, நம் கை இவ்வளவு சுத்தமா என்று பெருமை வேறு. மாட்டிப் பற்றவைத்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். காற்று போதவில்லை என்று நினைத்து காற்று நுழையும் வழியைக் கூட்டிக் குறைக்கும் தகட்டையே இரண்டு நாள் திருகிக்கொண்டிருந்தேன், அதற்குள் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. கடைசியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டை முட்டை வடிவத்தில் இருக்கிறது, விளிம்பில் பிசிறு. வாயு நேராகப் பாயாமல் வாயுவும் காற்றும் கலக்கும் குழாயின் சுவரில் மோதினால் காற்றை எங்கே இழுக்கும்? கரி படிகிற தீ கார்பன் மோனாக்சைடையும் தரும், அதற்கு வாசனையே கிடையாது.

அளவும் கணக்குப்படி வராது. 1.5 மி.மீ. கேட்கும் இடத்தில் 1.6 ஆகிவிட்டால் பரப்பு சுமார் 14 சதவீதம் கூடிவிடும், வாயுவும் அந்த அளவுக்குக் கூடும்.

இன்னும் எரிச்சலூட்டுவது வேறு. துளைத்த பிறகும் ஜெட்டின் மேல் 95 என்றே இருக்கும், அடுத்து அடுப்பைத் திறப்பவர் அந்தப் பொய்யை நம்பித்தானே வேலை செய்வார்! அந்த மாடலுக்கென்று அளவு பொறித்து வரும் மாற்று ஜெட்டையே வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் அந்த அடுப்பை மாற்றவே வேண்டாம்.

ரெகுலேட்டரை மறப்பது

பல அடுப்புகளில் புரோப்பேனுக்கு 10, 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் (அத்தனை அங்குல உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம்), இயற்கை எரிவாயுவுக்கு 4 அங்குலம் போல. உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்பது அதன் விவரத் தகட்டில் இருக்கும். அடுப்புக்குள்ளே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் புரோப்பேன் நிலையிலேயே விட்டால் குழாயின் அழுத்தம் கட்டுப்படாமல் பெரிய ஜெட்டுக்குப் போய், தீ பர்னரைவிட்டு எழும்பி நிற்கும்.

சிம் திருகு

சிம்மில் தீ எவ்வளவு எரியவேண்டும் என்பதை வைக்கும் திருகு இது. புரோப்பேனுக்கு இதை இறுக்கி வைத்திருப்பார்கள். இப்போது கொஞ்சம் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் சிம்மில் வைத்ததும் அணைந்துவிடும்.

பைலட் ஜெட்

பர்னரைப் பற்றவைக்க எரிந்துகொண்டே இருக்கும் சின்னத் தீ உங்கள் அடுப்பில் இருந்தால், அதன் ஜெட்டையும் மாற்ற வேண்டும்.

கசிவு அலாரம்

புரோப்பேன் தரையோடு தங்கும், அதனால் கீழே மாட்டியிருப்பீர்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. அலாரத்தைக் கழற்றி மேலே மாட்டுங்கள், அந்த வாயுவை உணரக்கூடியதுதானா என்றும் பாருங்கள்.

பழைய ஜெட்டுகள்

தூக்கிப் போடாதீர்கள். கையேட்டோடு ஒரு உறையில் போட்டு வையுங்கள்.