மூச்சு வாங்கும் பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுப்பது எப்படி?

சி.ஓ.பி.டி. போன்ற நாள்பட்ட நுரையீரல் நோயோடு அட்மிட் ஆன பெரியவர் இரண்டு வாய் சாப்பிட்டதுமே ‘போதும்’ என்றால், உடனே தட்டை எடுத்துவிடாதீர்கள். பசி இருந்தும் மூச்சு இடம் கொடுக்காமல் இருக்கலாம். விழுங்கும்போதெல்லாம் மூச்சு ஒரு கணம் நிற்கும். வயிறு நிரம்பிவிட்டால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) கீழே இறங்கவும் சிரமம். கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் செய்யக்கூடியவை இவை.

படி 1: முதல் நாளே எடை

எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் தானாகவே 5 சதவீதம் குறைந்திருந்தால் (50 கிலோவில் இரண்டரை கிலோ) டயட்டீஷியனைப் பார்த்தே ஆக வேண்டும். கால் வீக்கம் இருந்தால் எடை கூடுதலாகக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

படி 2: சாப்பாட்டுக்கு முன்

அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும். உடம்பு துடைப்பது, நெபுலைசர், சளி எடுக்கும் பயிற்சி எல்லாம் அதற்கு முன்பே முடியட்டும். வாய் கொப்பளித்து, பல்செட் மாட்டி, நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தால், சாப்பிடும்போதும் இருக்கட்டும். பைபாப் மாஸ்க் (அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவியின் முகமூடி) போட்டிருக்கும்போது ஊட்டவே கூடாது. எப்போது கழற்றலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

படி 3: கொஞ்சமாக, அடிக்கடி

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ என்றால் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, எனவே இது சுலபமாக எட்டும் அளவில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான். முட்டை, பருப்பு, தயிர் முதலில். சூப்பும் தண்ணீரும் அப்புறம். திரவம் முதலில் போனால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும். போதவில்லை என்றால் சத்துபானம் பற்றிக் கேளுங்கள்.

படி 4: ஊட்டும்போது

எனக்கு இதுதான் மிக முக்கியம். ஒரு வாய் கொடுத்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுங்கள். கையிலேயே ஏந்தி நின்றால் அவர் அவசரப்படுவார். விழுங்கி, இரண்டு மூச்சு விட்டு, தோள்பட்டை தணிந்த பிறகு அடுத்த வாய். இருமல் வந்தாலோ, குரல் நீர் கோத்தது போலக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். உணவு மூச்சுக்குழாயில் போயிருக்கலாம்.

படி 5: எழுதி வையுங்கள்

தட்டில் வந்ததை அல்ல, வயிற்றுக்குள் போனதை எழுதுங்கள்: பாதி, கால், இரண்டு ஸ்பூன். ஐந்து நாளுக்கு மேல் சாப்பாடே இல்லாதிருந்தவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாகக் கூட்டுங்கள்.