மார்பகத் தோல் மாற்றங்கள்: தாமதத்துக்கு இட்டுச் செல்லும் தவறுகள்

கொழும்பின் புழுக்கத்தில் மார்பகத்தின் கீழ்மடிப்பில் வியர்க்குருவும் பூஞ்சைத் தொற்றும் வருவது சாதாரணம் என்பதால், மார்பகத் தோலில் எது தோன்றினாலும் அதையும் வெக்கையின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. மடிப்பில் வரும் அரிப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஈரமின்றி வைத்து, உரிய பூச்சு மருந்தைத் தடவினால் அடங்கிவிடும். ஒரு மார்பகத்தில் மட்டும் தோன்றி, மடிப்பைத் தாண்டிப் பரவி, இரண்டு வாரமாகியும் மாறாதிருப்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அது மார்பகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முலைக்காம்பில் வரும் செதிலும் புண்ணும் இன்னும் எளிதாக ஏமாற்றும். சாதாரண எக்ஸிமா பெரும்பாலும் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும், இரு பக்கமும் வரக்கூடும். 1874இல் ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பஜெட் விவரித்த, அவர் பெயராலேயே அறியப்படும் நோயோ பொதுவாக ஒரு காம்பிலேயே தொடங்கி வெளியே பரவுகிறது. அது வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே புற்றுநோயும் இருக்கும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கிறீம் சில நாட்களுக்கு அதைத் தணித்தும் காட்டலாம். அந்தத் தணிவை நம்பி அடுத்த குழாயை வாங்குவதில்தான் மாதங்கள் கழிகின்றன.

“கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லையே” என்று ஆறுதல் கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் அரிதானதுதான். ஆனால் அதில் பல வேளைகளில் கட்டியே இருப்பதில்லை. புற்றுநோய்க் கலங்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுவதால் நீர் தேங்கி, தோல் தடித்து, மயிர்த்துளைகள் குழிகுழியாகி, தோடம்பழத் தோல் போலாகிறது. மார்பகம் சில வாரங்களிலேயே வீங்கிக் கனத்துச் சூடாகிறது. புத்தகங்கள் சொல்லும் சிவப்பு நம்மைப் போன்ற மாநிறத்திலும் கருநிறத்திலும் ஊதாவாகவோ கடும் பழுப்பாகவோ தெரியலாம், சில வேளை நிறமே மாறாமலும் இருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் தேடாமல், யன்னல் வெளிச்சத்தில் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளாடைத் தழும்பு ஆழமாகப் பதிகிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, கையை உயர்த்தும்போது தோல் குழிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாலூட்டும் தாய்க்கு இதே வீக்கமும் சூடும் பெரும்பாலும் பால்கட்டினாலோ தொற்றினாலோ வருவதுதான்; அன்டிபயோட்டிக் கொடுப்பதிலும் தவறில்லை. ஒரு சுற்று மருந்து முடிந்தும் முழுமையாகக் குணமாகாதபோது, ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் இல்லாமல் இரண்டாம், மூன்றாம் சுற்றுக்குப் போவதே தவறு. பாலூட்டாத பெண்ணுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்றவருக்கு, இப்படி வந்தால் தொடக்கத்திலேயே கூடுதல் கவனம் வேண்டும்.

மமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) ஒன்றும் இல்லை என்ற அறிக்கையும் முடிவான பதில் அல்ல. தோலோடு நிற்கும் மாற்றம் அதில் தெரியாமல் போகலாம். தோலிலிருந்து சிறு துண்டெடுத்துச் செய்யும் பயொப்சிதான் ஐயத்தைத் தீர்க்கும். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று உறவினர் சொல்வதைக் கேட்டு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொழும்பில் இருப்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்கிலோ நாரஹேன்பிட்டியிலுள்ள புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையத்திலோ முதலில் காட்டலாம். அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கும் உண்டு. கூச்சமிருந்தால் பெண் வைத்தியரைக் கேட்கலாம். “தோலில் சொறி” என்று மட்டும் சொன்னால் சட்டையைத் தளர்த்தாமலே மருந்து எழுதப்பட்டுவிடக்கூடும். எந்த மார்பகம், எப்போது தொடங்கியது, எதைத் தடவியும் மாறவில்லை என்று விவரமாகச் சொல்லி, கைபேசியில் திகதியோடு எடுத்த படங்களையும் பாவித்த கிறீம் குழாயையும் காட்டுங்கள்.