கோழிக்கூண்டில் சிவப்புச் செள்ளு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுது சாய்ந்தால் தானாகவே கூண்டுக்குள் போய் அடையும் கோழி, திடீரென்று ஒருநாள் உள்ளே போக மறுக்கும். மரக்கிளையில் ஏறி உட்காரும். பிடித்து உள்ளே விட்டால் இரவெல்லாம் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கும். முட்டை குறையும், கொண்டை வெளுக்கும், முட்டை ஓட்டில் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை தெரியும். ஆனால் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒரு பூச்சியும் இருக்காது. சரி, பூச்சித் தொல்லை இல்லை என்று முடிவுகட்டிக் குடற்புழு மருந்து, சத்து மருந்து என்று வேறு பக்கம் போய்விடுவோம். அதற்குள் அடைக்கோழி பெட்டியிலேயே சோர்ந்து விழுந்திருக்கும்.

சிவப்புச் செள்ளு விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: இது கோழியின் உடம்பில் வாழும் பூச்சி என்ற நினைப்பு. உண்மையில் இது குடியிருப்பது கூண்டில். மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் எப்படியோ, இதற்குக் கூண்டு அப்படி. இருட்டிய பிறகு பலகை இடுக்கிலிருந்து கிளம்பி வரும். கோழிமேல் ஏறி ரத்தம் குடிக்கும். குடித்து முடித்ததும் இடுக்குக்கே திரும்பிவிடும். கோழி அதற்குச் சாப்பாடு, அவ்வளவுதான். டெர்மனிசஸ் கலினே என்பது இதன் அறிவியல் பெயர். உலகத்தில் கோழி வளர்க்கும் இடங்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு.

பகலில் கோழியைச் சோதிப்பது

ஆகவே முதல் தவறு, தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் தேடுவது. வளர்ந்த செள்ளு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்ததும் சிவப்பு, குடித்தது செரிக்கச் செரிக்கக் கருப்பு. சிவப்பு நிறத்தை மட்டும் தேடுகிறவர்களுக்கு அதனாலேயே பாதி தப்பிவிடும்.

இருட்டி ஓரிரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். கோழிகள் ஏறி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தையும், கம்பு சுவரோடு சேரும் முனைகளையும் ஒரு வெள்ளைக் காகிதத்தால் அழுத்தித் துடையுங்கள். காகிதத்தில் ரத்தக் கோடு விழுந்தால் சந்தேகம் வேண்டாம். பகலில் பார்க்க வேண்டுமென்றால் அதே முனைகளைக் கழற்றிப் பாருங்கள். சாம்பலும் மிளகுத்தூளும் கலந்த மாதிரிப் படிந்திருப்பது அவற்றின் தோலும் எச்சமும். அதை ஒரு குச்சியால் கிளறினால் தூள் நகர ஆரம்பிக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோழிப்பேன் வேறு. அது வைக்கோல் நிறத்தில் இருக்கும், பகலிலும் உடம்பை விட்டுப் போகாது, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியில் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும். உடம்பிலேயே தங்கும் வேறு வகைச் செள்ளும் இருக்கிறது. அது இருந்தால் எச்சத்துவாரத்துப் பக்கம் இறகு கருத்து அழுக்கேறித் தெரியும். காலில் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாவது இன்னொரு வகையின் வேலை. இவற்றுக்கெல்லாம் கோழியைத்தான் கவனிக்க வேண்டும். சிவப்புச் செள்ளுக்கு வழக்கமான வைத்தியம் கூண்டுக்கு. எது என்று தெரியாமல் ஆரம்பித்தால் பணமும் போகும், செள்ளும் போகாது. மண்குளியலில் சாம்பலும் பொடியும் கலந்து வைப்பது பேனுக்கு உதவும். சிவப்புச் செள்ளுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஏனென்றால் கோழி மண்ணில் புரளும் நேரத்தில் அது கோழிமேலேயே இல்லை.

ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

என் பார்வையில் மிக அதிகமாக நடப்பதும், அதிக நஷ்டம் தருவதும் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூண்டைத் தேய்த்துக் கழுவி மருந்தடித்திருப்பார்கள். நான்கு நாள் கோழிகள் நிம்மதியாக அடையும். "ஒழிஞ்சது சனியன்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்தில் பழைய கதை.

காரணம் அதன் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது. பெண் செள்ளு ஒவ்வொரு முறை ரத்தம் குடித்த பிறகும் நாலு முதல் எட்டு முட்டை வரை இடுக்கில் இடும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரிந்து வரும் ஆறு கால் குஞ்சு ரத்தம் குடிக்காது. தோலுரித்து அடுத்த இரண்டு பருவங்களுக்குப் போகும்போதுதான் கோழியைத் தேடும். 25 முதல் 30 டிகிரி வெப்பமும் காற்றில் நல்ல ஈரமும் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளு வரையான சுற்று ஏழு முதல் பத்து நாளில் முடிந்துவிடும். பெரும்பாலான தெளிப்பு மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. நீங்கள் கொன்றது அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தவற்றை. முட்டைகள் இடுக்கில் பத்திரமாக இருக்கின்றன.

எனவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை செய்ய வேண்டும். புதிதாகப் பொரிந்தவை வளர்ந்து முட்டையிடுவதற்கு முன் அடுத்த அடி விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டாவது முறை கண்ணில் ஒன்றுமே படாவிட்டாலும் மூன்றாவதை விடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு நம்பிக்கை: கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றி ஒரு மாதம் கூண்டைப் பூட்டி வைத்தால் செள்ளு பட்டினியில் செத்துவிடும் என்பது. சாகாது. குளிர்ச்சியான சூழலில் எட்டு மாதம் வரைகூட ரத்தமே இல்லாமல் இது தாக்குப்பிடிக்கும். வெயில் காலத்தில் அந்தக் காலம் குறையும், ஆனால் ஒரு மாதத்தை நம்ப முடியாது. மாற்றிய இடத்துக்குப் பழைய கம்பையும் முட்டைப் பெட்டியையும் தூக்கிப் போனால் செள்ளையும் சேர்த்துக் குடியேற்றியதாகத்தான் ஆகும்.

சுவரைக் கழுவி இடுக்கை விடுவது

கண்ணுக்குத் தெரியும் சமதளத்தில் மருந்தடிப்பது மனத்திருப்திக்கு மட்டும் உதவும். பகலில் செள்ளு இருப்பது கம்பின் முனை, ஆணி ஓட்டை, பலகைகள் சேரும் மூலை, முட்டைப் பெட்டியின் அடிப்பகுதி, கூரை விரிப்பின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில். ஒன்றையொன்று வாடையால் கூப்பிட்டுக் கும்பலாகச் சேரும் பழக்கம் அதற்கு உண்டு. ஒரு கும்பலைக் கண்டுபிடித்தால் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கிடைக்கும். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். கூரையில் தார் விரிப்பு ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு வேறு கூரை போடுவது நல்லது. அதன் அடியில் புகுந்ததை எந்தத் தெளிப்பானாலும் எட்ட முடியாது.

வரிசையும் முக்கியம். முதலில் தரையில் பரப்பியிருக்கும் உமி, மரத்தூள், முட்டைப் பெட்டி வைக்கோல் எல்லாவற்றையும் அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கூண்டுக்குப் பக்கத்திலேயே குப்பைக்குழியில் கொட்டினால் இரவில் நடந்தே திரும்பி வந்துவிடும். பிறகு தூசியையும் எச்சத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கின் அடியில் மருந்து போய்ச் சேராது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். காலையில் கழுவினால் அடையும் நேரத்துக்குள் காய்ந்துவிடும். ஈரக் கூண்டில் கோழியை விட்டால் வேறு நோய் வரும்.

வெப்பம் நல்ல ஆயுதம். 45 டிகிரிக்கு மேல் செள்ளு தாங்காது. நீராவி பீய்ச்சும் கருவியை இடுக்கின் வாயில் வைத்து மெதுவாக நகர்த்தினால் முட்டையும் சேர்ந்து சாகும். வாளியில் கொதிநீர் கொண்டுவந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. மரத்தில் பட்ட நொடியிலேயே அது ஆறிவிடுவதால் ஆழத்தில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். நெருப்புக் குழாயைக் காட்டிப் பொசுக்குவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: மரக்கூண்டு, காய்ந்த தூசி, இறகு. வேண்டாம்.

அப்புறம் பொடி. டயட்டமேசியஸ் எர்த் என்ற வெள்ளைப் பொடி செள்ளின் உடம்பில் உள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சி, அதை உலர்த்திக் கொல்கிறது. விஷம் இல்லை என்பதால் பலருக்கு இதில் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். குவியலைச் சுற்றிக்கொண்டு போகச் செள்ளுக்குத் தெரியும். மெல்லிய பூச்சாக இடுக்குக்குள் இருந்தால்தான் பலன். ஈரம் பட்டால் வேலை செய்யாது, காற்றில் ஈரம் அதிகமான நாட்களிலும் வேகம் குறையும். தூள் பறந்தால் உங்கள் நுரையீரலுக்கும் கெடுதல், கோழியின் நுரையீரலுக்கும் கெடுதல். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கோழிகள் வெளியே இருக்கும்போது தூவி, தூசி அடங்கிய பிறகு உள்ளே விடுங்கள். இந்தப் பொடியின் முக்கியப் பொருளான சிலிக்காவைத் தண்ணீரில் கலந்து பூசும் வகை கிடைத்தால் அது பறக்காது, இடுக்கிலும் நன்றாக ஒட்டும்.

கையில் கிடைத்த விஷத்தை அடிப்பது

முட்டை சாப்பிடுவதற்காகக் கோழி வளர்க்கிறோம் என்பது இந்த இடத்தில்தான் பலருக்கு மறந்துபோகிறது. கரப்பான் மருந்து, நாய் உண்ணிக்கு வாங்கிய சொட்டு மருந்து, வயலுக்கு வைத்திருந்த பூச்சிக்கொல்லி என்று வீட்டில் இருப்பதையெல்லாம் கூண்டில் முயன்று பார்க்கிறார்கள்.

2017-இல் ஐரோப்பாவில் நடந்தது நினைவிருக்கலாம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைகளில் சிவப்புச் செள்ளை ஒழிக்க அடித்த ஒரு தெளிப்பில் ஃபிப்ரோனில் சட்டவிரோதமாகக் கலந்திருந்தது. நாய், பூனைகளின் உண்ணிக்குப் பயன்படும் அந்த மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அங்கே பயன்படுத்தக் கூடாது. கோழியின் கொழுப்பில் சேர்ந்து, அங்கிருந்து முட்டைக்குள் வந்துகொண்டே இருந்தது. கோடிக்கணக்கில் என்று சொல்லுமளவு முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். விவகாரம் ஹாங்காங் வரை போனது. பரிசோதனைக்கூடம் இருந்ததால் அது வெளியே வந்தது. வீட்டுக் கூண்டின் முட்டையை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. நாமும் நம் பிள்ளைகளும்தான் சாப்பிடப் போகிறோம்.

பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்துகளில் கோழிக்கூண்டுக்கென்றே அனுமதி பெற்றவை உண்டு. அவற்றிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பூனைக்கும் மீனுக்கும் தேனீக்கும் பெர்மெத்ரின் கடும் விஷம்; கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு, பல ஆண்டுகளாக அடித்து அடித்துப் பல இடங்களில் செள்ளுக்கு இந்த மருந்துகள் பழகிவிட்டன. சிக்கனமாகக் கரைத்து அடிப்பது இந்தப் பழக்கத்தை இன்னும் வேகப்படுத்தும். சீட்டில் எழுதிய அளவில் அடித்தும் மறுநாள் இரவு ஓடிக்கொண்டிருந்தால் அதே மருந்தை இரட்டிப்பாக்காதீர்கள், வேறு வகைக்கு மாறுங்கள்.

மண்ணெண்ணெய், டீசல் பூசுவது பழைய வழக்கம். பட்டதைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆவியைக் கோழி இரவு முழுக்கச் சுவாசிக்க வேண்டும், காலும் நெஞ்சும் கம்பில் பட்டுப் புண்ணாகும், தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

கூண்டை விட்டுக் கோழி வழியாகவே செள்ளைக் கொல்லும் ஒரு வழியும் இப்போது இருக்கிறது. ஃப்ளூரலானர் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பார்கள். ரத்தத்தில் கலந்த மருந்தைக் குடித்த செள்ளு செத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. கோழியின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து என்பதால் கால்நடை மருத்துவர் இல்லாமல் இறங்க வேண்டாம். நாலைந்து கோழிகள் தோட்டத்துக் குட்டையிலும் தொட்டியிலும் தண்ணீர் குடித்துத் திரியும் வீட்டில், ஒவ்வொன்றும் சரியான அளவைக் குடித்ததா என்பதைக் கவனிப்பதே ஒரு வேலை. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை அளவு தெரியாமல் முட்டைக் கோழிக்குக் கொடுப்பதும் ஆங்காங்கே நடக்கிறது. அதுவும் முட்டைக்குள் போகும்.

வரும் வழியை மறந்துவிடுவது

புதுக்கோழியைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வந்த கூடையையும் பெட்டியையும் யாரும் தனியே வைப்பதில்லை, செள்ளு இருப்பது அதில்தான். பழைய கூண்டை மலிவாக வாங்கினாலும் முட்டை அட்டையை இரவல் வாங்கினாலும் அப்படியே. குருவியும் புறாவும் கூண்டுக் கூரையில் கூடு கட்டினால் அவற்றோடும் வரும். குஞ்சுகள் பறந்துபோனதும் அந்தக் கூட்டிலுள்ள செள்ளு பசியோடு கீழே இறங்கும். கூடு காலியான பிறகு எடுத்துவிட்டு வலை கட்டுங்கள்.

அடைக்கோழியை மறக்கவே கூடாது. இரவும் பகலும் அந்த இருட்டுப் பெட்டியை விட்டு நகராததால் மற்றக் கோழிகளைவிட அதற்குத்தான் சேதம் அதிகம். பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு இழக்க ரத்தமும் கொஞ்சம்தான். அடை வைப்பதற்கு முன் பெட்டியைச் சுத்தம் செய்து, புது வைக்கோல் போட்டு, மற்றக் கூண்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

உங்கள் கையில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வந்தால் பயப்பட வேண்டாம். செள்ளு மனிதரைக் கடிக்கும், ஆனால் நம்மேல் குடியிருக்காது. கூண்டு வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைச் சுடுநீரில் போட்டால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு கூண்டின் அமைப்பில் கொஞ்சம் கை வைப்பது நல்லது. கம்பு சுவரைத் தொடாமல் இரும்புத் தாங்கிமேல் நிற்கட்டும். தாங்கியைச் சுற்றி வாசலின் களிம்பு தடவினால் ஏறும் வழியில் செள்ளு ஒட்டிக்கொள்ளும். விரிசல்களை அடைத்துவிடுங்கள். நெளிநெளியாக இருக்கும் அட்டையில் ஒரு துண்டைச் சுருட்டிக் கம்பின் அடியில் கட்டி வைத்து வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதை அங்கேயே பிரிக்கக் கூடாது. முதலில் பையில் போட்டு வாயைக் கட்டி, பகல் வெளிச்சத்தில் பையின் வழியாகவே பாருங்கள். நாலைந்து செள்ளு தென்பட்டாலும் அந்த வாரமே சுத்தம் செய்துவிடலாம். அட்டையை மட்டும் எரித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுங்கள்.