நெதர்லாந்தில் முதல் சைக்கிள் பயணம்: காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை ஒன்றுதான்: ஆம்ஸ்டர்டாமிலிருந்து மார்க்கன் என்ற ஏரிக்கரைச் சிற்றூருக்குப் போய்த் திரும்புவது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நின்று நிதானித்து மிதித்தாலும் ஒரு பகல் போதும்.

முந்தின இரவே காற்றின் திசையைப் பாருங்கள். நாடு பெரும்பாலும் சமதளம் என்பதால் கால் வலி மேட்டால் வருவதில்லை, எதிர்காற்றால்தான் வரும். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. மார்க்கன் இருப்பதோ வடகிழக்கில். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், பெடல் தானாகச் சுற்றுவது போலிருக்கும். திரும்பும்போது அதுவே எதிர்காற்று; அதனால் போகும்போதே தெம்பைச் செலவழித்துவிடாதீர்கள். பலத்த காற்று என்று அறிக்கை சொன்னால் பயணத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது கியரும் கைப்பிரேக்கும் உள்ள வண்டியாகக் கேளுங்கள். பல டச்சு வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டிதான் கிடைத்தது என்றால் கடை வாசலிலேயே பத்து முறை நிறுத்திப் பழகுங்கள். அதில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற முடியாது. எனவே நிற்கும்போதே ஒரு பெடல் மேலே இருக்கும்படி நிறுத்தினால்தான் மறுபடி எளிதாகக் கிளம்பலாம். பூட்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலையில் வலப்பக்கமாகத்தான் போக வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, திருப்பங்களில்தான் தவறு நேரும். ஒவ்வொரு திருப்பத்திலும் "வலம்" என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள். நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் இருந்தால் அந்தப் பாதையில்தான் ஓட்ட வேண்டும். தரையில் வெள்ளை முக்கோண வரிசை தெரியும், 'சுறாப்பல்' என்பார்கள். முனை உங்களை நோக்கி இருந்தால் குறுக்கே வருபவருக்கு வழிவிட வேண்டும். திரும்புமுன் கையை நீட்டுங்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது. 2019 ஜூலை முதல் அது சட்டப்படி குற்றம்.

வழி கண்டுபிடிக்க வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் உண்டு. 'க்னோப்பண்ட்' என்பது அதன் பெயர். போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள். பச்சை எண் பலகையில் அடுத்த எண்ணைத் தேடி அம்புக்குறிப்படி போனால் போதும். ஓர் எண் தவறினால் அடுத்த சந்திப்பில் உள்ள வரைபடப் பலகையில் சரிபார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் பலகை வைத்து மாற்றுவழி காட்டினால் மறுக்காமல் அதன்படி போங்கள்.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்தின் பின்புறம் இலவசப் படகு கிடைக்கும். வண்டியோடு ஏறி அக்கரை போய் டர்கர்டாம் என்ற சிற்றூரை நோக்கி மிதியுங்கள். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் மார்க்கர்மேர் ஏரி, இடப்பக்கம் புல்வெளி. இங்கே ஒருமுறை இறங்கி அணைக்கரை மேல் நின்று பாருங்கள்: மாடு மேயும் நிலம் ஏரி நீரைவிடத் தாழ்ந்து கிடக்கும். எனக்கு இந்த நாட்டைப் புரியவைத்தது அந்தக் காட்சிதான்.

மார்க்கன் 1957 வரை தீவாக இருந்தது. இப்போது நீரின் நடுவே போகும் அணைச்சாலை அதைக் கரையோடு இணைக்கிறது. அந்தச் சாலையில் ஒதுங்க மரம்கூட இல்லை. மழைச்சட்டையை முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குள் வெள்ளத்துக்குப் பயந்து மேடுகளின் மேலும் தூண்களின் மேலும் கட்டிய மரவீடுகளைக் காணலாம். அங்கேயே சாப்பிட்டு, கால் ஆறிய பிறகு கிளம்புங்கள்.

திரும்பும்போது ஏரிக்கரையை விட்டுவிட்டு மோனிக்கென்டாம், ப்ரூக் ஆகிய ஊர்கள் வழியாக உள்நாட்டுப் பாதையைப் பிடியுங்கள். எதிர்காற்று அங்கும் வரும். ஆனால் வீடுகளும் மரங்களும் ஆங்காங்கே மறைப்பதால் கியரை ஒரு படி குறைத்து, பேசிக்கொண்டே படகுத்துறை வரை வந்துவிடலாம்.